60 நொடி 2டி படம், 42 பேனல்: அனிமேட்டிக்கில் நேரத்தை எங்கிருந்து பிரிக்க ஆரம்பிப்பது?

#1 கோட்டோவியன்

ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) தயாரிப்பது பற்றிய 60 நொடி 2டி விழிப்புணர்வுப் படம். டெலிவரி நொடிக்கு 25 ஃப்ரேம், 1920×1080. காட்சிகளை வரிசையாக வரைந்த ஸ்டோரிபோர்டு முடிந்துவிட்டது: 14 ஷாட், 42 பேனல் (ஒவ்வொரு கோட்டுப் படமும் ஒரு பேனல்). இவற்றைக் குரலோடு டைம்லைனில் அடுக்கி நேரம் பார்க்கும் அனிமேட்டிக்கைத்தான் இப்போது செய்கிறோம். குரல் இன்னும் பதிவாகவில்லை. ஸ்கிரிப்டை ஸ்டாப்வாட்ச் வைத்துப் படித்தால் 64 நொடி வருகிறது. பேனல்களை டைம்லைனில் போட்டால் ஒவ்வொன்றும் 5 நொடியாக விழுந்து மொத்தம் மூன்றரை நிமிடம் நிற்கிறது.

1500 ஃப்ரேமை 42-ஆல் வகுத்தால் பேனலுக்குச் சுமார் 36 ஃப்ரேம். அப்படிச் சமமாகப் பிரித்துவிட்டுப் பிறகு கூட்டிக் குறைப்பதா, அல்லது குரலைப் பதிந்துவிட்டு அதன்மேல் படத்தை அடுக்குவதா? குரலை 7 சதவீதம் வேகப்படுத்தினால் 60-க்குள் அடங்கும் என்று டீமில் ஒரு யோசனை இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#2 நொடிக்கணக்கு

சமமாக வகுக்க வேண்டாம் நண்பரே. அப்படி அடுக்கியதும் படத்துக்கு ஒரு தாளம் வந்துவிடும், கண் அதற்குப் பழகிவிடும். அப்புறம் 36-ஐ 30 ஆக்குவது, 40 ஆக்குவது என்று அந்தத் தாளத்தைச் சுற்றியேதான் வேலை நடக்கும். கை கழுவும் ஷாட்டுக்குத் தேவை 80 ஃப்ரேமா 25 ஃப்ரேமா என்ற கேள்வியே எழாது.

நேரத்தை முடிவு செய்பவை இரண்டுதான். ஒன்று குரல், மற்றொன்று செயல். படம் எவ்வளவு நேரம் பார்க்கச் சலிக்காமல் இருக்கிறது என்பதை அளவாக வைத்தால் அனிமேட்டிக் கெட்டுப்போகும். அசையாத கோட்டுப் படத்தை ஒன்றரை நொடி பார்த்ததுமே "இழுக்குது" என்று தோன்றும். உடனே வெட்டிக் குறைப்பார்கள். அதே ஷாட்டில் உருவம் அசையத் தொடங்கும்போது நேரம் போதாமல் போகும். அனிமேட்டர் கையை அவசரமாக ஆட்டி முடிப்பார், பார்ப்பவருக்கு என்ன நடந்தது என்றே புரியாது.

குரலை வேகப்படுத்தும் யோசனையைக் கைவிடுங்கள். 64-ஐ 60 ஆக்கினாலும் மூச்சு விட இடமில்லாமல் முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம் வரை பேச்சாகவே இருக்கும். செய்முறை சொல்லும் 60 நொடிப் படத்தில் குரல் 48 முதல் 50 நொடிக்குள் முடிய வேண்டும் என்பது என் கணக்கு. மீதிப் பத்து நொடியில்தான் தண்ணீர் ஊற்றும் சத்தமும் ஸ்பூன் சத்தமும் எழுத்தைப் படிக்கும் நேரமும் வரும். ஆக, நீங்கள் வெட்ட வேண்டியது 4 நொடி அல்ல, சுமார் 14 நொடி ஸ்கிரிப்ட்.

#3 ஒலித்தடம்

வெட்டுவது கடினமாகவும் இருக்காது. இந்த மாதிரி ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வருகின்றன, அதனால் வாக்கியம் நீளும். உதாரணத்துக்கு இப்படி ஒரு வரி இருக்கும்:

"ஓஆர்எஸ் கரைசலைத் தயாரிப்பதற்கு முன்பாக உங்கள் கைகளை சோப்பு போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும்."

11 சொல். இதில் "ஓஆர்எஸ் கரைசல்" முந்தைய வரியிலேயே வந்துவிட்டது. "நன்றாக" என்பதை நுரையும் விரலிடுக்கும் படத்தில் காட்டிவிடும். "முதலில் சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள்" என்றால் 5 சொல்லில் முடிந்தது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பாதி நேரம் மிச்சம்.

நிமிடத்துக்கு 150 சொல் என்று ஒரு கணக்கு சுற்றுகிறதே, அது ஆங்கிலத்துக்கானது. தமிழுக்கு அதை எடுக்காதீர்கள். "கழுவிக்கொள்ளவேண்டும்" என்று ஒட்டி எழுதினால் ஒரு சொல், பிரித்தால் மூன்று, ஆனால் வாய்க்கு ஆகும் நேரம் ஒன்றே. சொல்லை எண்ணுவதை விட்டுவிட்டு ஸ்டாப்வாட்சை நம்புங்கள்.

ஸ்க்ராட்ச் குரல் (நேரம் பார்க்க மட்டும் தற்காலிகமாகப் பதிவது) பதியும்போது கவனிக்க வேண்டியவை:

மனதுக்குள் படித்து அளக்கக் கூடாது, சத்தமாகப் படிக்க வேண்டும். ஸ்கிரிப்டை எழுதியவரே படித்தால் எப்போதும் வேகமாகப் போகும், அவருக்கு வரிகள் மனப்பாடம். டீமில் ஸ்கிரிப்டைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். முழுவதையும் ஒரே மூச்சாகப் பதியாமல் வரிக்கு வரி தனித்தனிக் கோப்பாக, வரிக்கு மூன்று டேக். வரிகளுக்கு நடுவே இடைவெளியை எடிட்டில்தான் வைக்கப் போகிறோம்.

போனில் பதிந்தால் ரெக்கார்டர் ஆப்பில் மௌனத்தைத் தானாக வெட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மூச்சு இடைவெளியை விழுங்கிவிடும், அப்புறம் அளந்த நேரம் எல்லாம் பொய். வாட்ஸ்ஆப் வாய்ஸ் நோட்டாக வந்தால் ஓபஸ் ஃபார்மட்டில் இருக்கும், எடிட்டிங் மென்பொருள் பல நேரம் திறக்காது. ஆடாசிட்டியிலோ எஃப்எஃப்எம்பெக்கிலோ 48 கிலோஹெர்ட்ஸ் டபிள்யூஏவி ஆக மாற்றிக்கொண்டு உள்ளே எடுங்கள். தரம் குறைவாக இருந்தால் பரவாயில்லை, இங்கே தேவை நேரம் மட்டும்தான்.

#4 கருப்புமை

குரலைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இந்தப் படத்தில் முக்கியம் செயல். அதை அளக்காமல் குரல்மேல் படத்தை அடுக்கினால் மாட்டிக்கொள்வீர்கள். பொட்டலத்தைக் கொட்டும் ஷாட்டையே எடுத்துக்கொள்வோம். குரல்: "பொட்டலம் முழுவதையும் தண்ணீரில் கொட்டுங்கள்." இது 70 ஃப்ரேம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 2 நொடி 20 ஃப்ரேம். இப்போது செயலைப் பிரித்துப் பார்த்தால்:

பொட்டலத்தை எடுப்பது 10 ஃப்ரேம்
கத்தரியால் முனையை வெட்டுவது 14
பாத்திரத்தின்மேல் சாய்ப்பது 8
தூள் விழுவது 30
அடியில் ஒட்டியதைத் தட்டிவிடுவது 16
வெறும் பொட்டலம் தெரியும்படி நிறுத்தம் 12

மொத்தம் 90. குரலைவிட 20 ஃப்ரேம் கூடுதல். இதைத் தெரிந்துகொள்ளாமல் 70-க்குள் அடைத்தால் முதலில் பலியாவது அந்தத் தட்டிவிடும் 16 ஃப்ரேம்தான். "முழுவதையும்" என்ற சொல்லுக்கு அர்த்தம் கொடுப்பதே அதுதான். அது இல்லாவிட்டால் பாதிப் பொட்டலம் போட்டாலும் சரி என்று ஆகிவிடும்.

இந்த எண்களைக் கற்பனையில் போட வேண்டாம். ஒரு பாத்திரம், ஒரு பொட்டலம், ஒரு கத்தரி எடுத்துக்கொண்டு செய்து பாருங்கள். எதிரே போனில் வீடியோ ஓடட்டும். அதை டைம்லைனில் போட்டு ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி மார்க்கர் வையுங்கள். 2டி-யில் நிஜத்தைவிடக் கொஞ்சம் விரைவாகவே செய்யலாம், ஆனால் எதைச் சுருக்குகிறோம் என்று தெரிந்து சுருக்க வேண்டும். எடுப்பதையும் சாய்ப்பதையும் சுருக்கலாம், விழுவதையும் தட்டுவதையும் சுருக்கக் கூடாது. நடைக்கும் இதே முறைதான். நொடிக்கு 24 ஃப்ரேமில் ஒரு காலடிக்கு 12 ஃப்ரேம் என்பது பழைய அனிமேஷன் கணக்கு, 25-இலும் அதையே வைத்துத் தொடங்கலாம். நான்கு காலடி நடக்க 48 ஃப்ரேம் வேண்டும். போர்டில் அது இரண்டு பேனல்தான் என்பதால் ஒரு நொடியில் முடித்துவிடத் தோன்றும்.

#5 கோட்டோவியன்

ரொம்ப நன்றி. அந்த 20 ஃப்ரேமை எங்கே வைப்பது? குரலுக்குப் பின்னால் மௌனமாக விட்டால் இழுப்பதுபோலத் தோன்றாதா?

#6 நொடிக்கணக்கு

முன்னால் வையுங்கள். முந்தைய வரியின் வால் ஓடிக்கொண்டிருக்கும்போதே படத்தை வெட்டிப் பொட்டலத்துக்கு வந்துவிடுங்கள். "ஒரு லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றுங்கள்" என்பதில் "ஊற்றுங்கள்" ஒலிக்கும்போதே கை பொட்டலத்தை எடுக்கத் தொடங்கலாம். எடுப்பதும் வெட்டுவதும் சேர்ந்து 24 ஃப்ரேம், அங்கேயே முடிந்துவிடும். அடுத்த வரி தொடங்கும்போது பொட்டலம் சாய்கிறது, "முழுவதையும்" வரும்போது தூள் விழுகிறது. வரியின் கடைசிச் சில ஃப்ரேமில் வெறும் பொட்டலம். ஒலியும் படமும் ஒரே இடத்தில் வெட்டுப்படாததால் ஓட்டமும் இயல்பாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் ஊற்றும் ஷாட்டில் இதைச் செய்யாதீர்கள். "ஒரு லிட்டர்" என்ற சொல்லும் அளவுக்கோடும் ஒரே நேரத்தில் திரையில் இருந்தே ஆக வேண்டும். படத்தின் உயிர் அந்த அளவு. தண்ணீர் குறைந்தால் கரைசலில் உப்பு கூடிவிடும், குழந்தைக்கு ஆபத்து. அங்கே தண்ணீர் மட்டம் கோட்டைத் தொட்டபின் குறைந்தது 15 ஃப்ரேமாவது அசையாமல் நிற்கட்டும்.

"1 லிட்டர் – 1 பொட்டலம்" என்று எழுத்து வருமென்றால் அதைச் சத்தமாக நிதானமாக இரண்டு முறை படியுங்கள். அந்த நேரத்தோடு 12 ஃப்ரேம் சேர்த்தால் அதுதான் அளவு. எழுத்து உள்ளே வரும் அசைவு நேரத்தை இதில் சேர்க்கக் கூடாது.

#7 டைம்லைன்_திருச்சி

மென்பொருள் பக்கம் சில விஷயங்கள்.

ப்ராஜெக்ட் திறந்ததும் முதல் வேலை ஃப்ரேம் ரேட். டாவின்சி ரிசால்வில் முதல் மீடியாவை உள்ளே இழுத்துவிட்டால் ப்ராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை அப்புறம் மாற்ற விடாது. இயல்பாக 24-இல் இருக்கும், அப்படியே தொடங்கிவிட்டு 25-க்கு டெலிவரி கொடுக்கும்போதுதான் தெரியும். பிளெண்டரும் 24-இல்தான் திறக்கும்.

ரிசால்வில் இன்னொன்று: பேனல்களை 001, 002, 003 என்று தொடர் எண்ணில் சேமித்திருந்தால் 42 படமும் சேர்ந்து ஒரே கிளிப்பாக, 42 ஃப்ரேம் வீடியோவாக உள்ளே வரும். மீடியா பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் ஃப்ரேம் டிஸ்ப்ளே மோடை "இண்டிவிஜுவல்" ஆக்கினால் தனித்தனிப் படமாக வரும். ஸ்டில்லின் இயல்பு நீளத்தையும் ப்ரெஃபரன்சஸில் 5 நொடியிலிருந்து 1 நொடிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே டைம்லைனில் இருப்பவற்றை அது மாற்றாது, இனி வருபவற்றுக்குத்தான்.

கோப்புப் பெயர்: காட்சி, ஷாட், பேனல். 01-040-02 என்பதுபோல. ஷாட் எண் பத்துப் பத்தாக ஏறட்டும். 040-க்கும் 050-க்கும் நடுவே புது ஷாட் வந்தால் 045 என்று நுழைத்துவிடலாம், மற்ற எண் எதுவும் மாறாது. திருத்திய படத்தை அதே பெயரில் அதே அளவில் பழையதன்மேல் சேமித்தால் டைம்லைனில் பெரும்பாலும் தானாக மாறிவிடும். "இறுதி2", "புதியஇறுதி" என்று பெயர் வைத்தால் ஒவ்வொன்றையும் கையால் மாற்ற வேண்டியிருக்கும். பழைய படம் தேவையென்றால் தேதி போட்ட தனி ஃபோல்டரில் நகல் எடுத்து வையுங்கள்.

டிரிம் செய்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குரல் உட்கார்ந்தபின் ரிப்பிள் டிரிம் தொடக் கூடாது. ஷாட் 040-இல் 6 ஃப்ரேம் கூட்டினால் அதற்குப் பின் இருக்கும் படம் எல்லாம் 6 ஃப்ரேம் தள்ளிப்போகும். ஒலித்தடம் பூட்டியிருந்தால் குரல் மட்டும் அங்கேயே நிற்கும். அந்த இடத்தில் கவனிக்க மாட்டீர்கள், 45-ஆவது நொடியில் எல்லாம் தள்ளாடும். ரோலிங் எடிட்டில் வெட்டுப்புள்ளியை மட்டும் நகர்த்துங்கள், ஒரு ஷாட் வாங்குவதை அடுத்த ஷாட் கொடுக்கும், மொத்த நீளம் மாறாது.

இலவசமாக வேண்டுமென்றால் வொண்டர் யூனிட்டின் ஸ்டோரிபோர்டர், கிரிட்டா 5-இல் வந்த ஸ்டோரிபோர்டு டாக்கர் இரண்டிலும் பேனலுக்கு நேரம் போடலாம். பிளெண்டரில் செய்பவர்கள் பிளேபேக் மெனுவில் "ப்ளே எவ்ரி ஃப்ரேம்" என்று இருந்தால் "சிங்க் டு ஆடியோ" என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் கணினி திணறும்போது படம் மெதுவாக ஓடும், பார்த்து வைத்த நேரம் தப்பாகிவிடும்.

#8 கருப்புமை

ஸ்டோரிபோர்டு ப்ரோ மென்பொருள் வைத்திருப்பவர்கள் எல்லாப் பேனலிலும் கேமராவை நகர்த்துகிறார்கள். இதைப் பற்றி ஒரு கருத்து. படம் அசையாமல் இருந்தால் சலிப்பாக இருக்கிறது என்பதற்காக மெதுவான ஜூம் போடுவது தவறு. பார்ப்பவர் அதைத் திட்டமிட்ட கேமரா அசைவு என்றே எடுத்துக்கொள்வார். லேஅவுட் போடுபவர் அந்த ஜூமுக்காகப் பெரிய பின்னணி வரைவார். இறுதிப் படத்தில் இருக்கப்போகும் அசைவை மட்டுமே அனிமேட்டிக்கில் போடுங்கள்.

ஜூம் நிஜமாகவே தேவையென்றால் படத்தைப் பெரிதாக வரையுங்கள். ஜூம் முடியும்போது வரைந்த படத்தின் 60 சதவீத அகலம் மட்டும் சட்டகத்தில் தெரியும் என்றால் 1920-ஐ 0.6-ஆல் வகுத்து 3200, உயரம் 1800. இல்லாவிட்டால் முடிவில் கோடு எல்லாம் மங்கித் தெரியும்.

#9 நொடிக்கணக்கு

இதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அலங்கார ஜூம் வேண்டாம் என்பது சரி. ஆனால் பொருள் நகர்வதைக் காட்டியே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. தண்ணீர் மட்டம் ஏறுவதை "காலி", "நிறைவு" என்று இரண்டு பேனலில் காட்டினால் நேரத்தை யாராலும் சரிபார்க்க முடியாது. அங்கே தண்ணீரை மட்டும் தனி லேயராக வைத்து மேலே ஏற்றுங்கள், இரண்டு கீஃப்ரேம் (தொடக்க நிலை, முடிவு நிலை) போதும். அல்லது நடுவில் இன்னும் மூன்று பேனல்.

#10 கருப்புமை

அது சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். தண்ணீர் ஏறுவது அந்த ஷாட்டின் செயல், கேமரா அல்ல. கலக்கும் ஷாட்டுக்கும் அதேபோல ஸ்பூன் நான்கு நிலையில் நான்கு பேனல் வரைந்து, ஒரு சுற்றுக்கு 16 ஃப்ரேமாகச் சுற்றவிடலாம்.

#11 லென்ஸ்_பார்வை

இழையைப் படிப்பவர்களில் நேரடிப் படப்பிடிப்புக்கு அனிமேட்டிக் போடுபவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக ஒன்று. டைம்லைனில் பெரிய படத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பேன் (கேமரா பக்கவாட்டில் திரும்புவது) காட்டுவது எளிது. 2 நொடியில் ஒரு தெருவையே கடந்துவிடலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். கேமராவில் அதே வேகத்தில் திருப்பினால் கம்பம், ஜன்னல் விளிம்பு எல்லாம் துடித்துத் துடித்து நகரும். ஒரு பொருள் சட்டகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 7 நொடியாவது ஆக வேண்டும் என்பது ஒளிப்பதிவில் பழக்கமான கணக்கு. 25 ஃப்ரேமில் அது 175 ஃப்ரேம், ஃப்ரேமுக்குச் சுமார் 11 பிக்சல். ஓடும் ஆளைப் பின்தொடரும் பேனுக்கு இது பொருந்தாது, கண் ஆளின்மேல் இருக்கும்.

வரையத் தெரியாதவர்கள் லொக்கேஷனில் போன் புகைப்படம் எடுத்து ஃபோட்டோமேட்டிக் செய்யலாம். நடிகர் நிற்கும் இடத்தில் அதே உயரமுள்ள யாரையாவது நிறுத்தி எடுங்கள், நின்றபடி கண் மட்டத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள்.

#12 கோட்டோவியன்

ஸ்கிரிப்டை வெட்டியதில் குரல் 49 நொடிக்கு வந்துவிட்டது. செயல் அளவையும் எடுத்து முதல் அடுக்கு 61 நொடி 10 ஃப்ரேமில் நிற்கிறது. இப்போது தற்காலிக இசை போட்டதும் வெட்டுகளைத் தாளத்தில் வைக்கச் சொல்கிறார்கள். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) இசை. முதலில் சரியாக இருந்து போகப் போக விலகுகிறது.

#13 ஒலித்தடம்

25 ஃப்ரேமில் 1500-ஐ பிபிஎம்-ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்று வரும். 120-க்கு 12.5. அரை ஃப்ரேமில் வெட்ட முடியாது. 12 என்று வைத்துக்கொண்டே போனால் எட்டுத் தட்டில் 4 ஃப்ரேம் முந்திவிடும். அதே இசை 24 ஃப்ரேமில் சரியாக 12-இல் உட்காரும், அதனால்தான் பலர் இதைக் கவனிப்பதில்லை. உங்களுக்கு 125 என்றால் 12, 100 என்றால் 15, 75 என்றால் 20. அந்த வேகத்தில் இசை தேடுங்கள்.

ஆனால் நேரம் பூட்டும் முன்பே இசையைப் போட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல இசை எந்த ஓட்டையையும் மூடிவிடும். இசையை அணைத்துவிட்டு ஒரு முறை, குரலையும் அணைத்துப் படத்தை மட்டும் ஒரு முறை, திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டாவதில் செய்முறை புரிய வேண்டும். மூன்றாவதில் எங்கே மூச்சு முட்டுகிறது என்று தெரியும்.

ப்ளூடூத் இயர்போனில் ஒத்திசைவு பார்க்காதீர்கள். 100 முதல் 200 மில்லி நொடி தாமதம் சாதாரணம், 200 என்றால் 5 ஃப்ரேம். ஒலி பிந்துகிறது என்று நினைத்து அதை முன்னால் நகர்த்திவிட்டால் மற்ற எல்லார் கணினியிலும் தப்பாகக் கேட்கும். வயர் போட்ட ஹெட்போனில் பாருங்கள்.

#14 டைம்லைன்_திருச்சி

ரிவ்யூவுக்கு அனுப்பும்போது ஷாட் எண், டைம்கோடு, பதிப்பு எண் மூன்றும் படத்தின்மேல் பதிந்திருக்க வேண்டும். ரிசால்வில் ஒர்க்ஸ்பேஸ் மெனுவில் டேட்டா பர்ன்-இன் இருக்கிறது. இல்லாவிட்டால் "அந்தச் சிவப்புப் புடவை அம்மா வரும் இடம் கொஞ்சம் சீக்கிரம்" என்று கருத்து வரும், அந்த அம்மா ஐந்து ஷாட்டில் வருவார். ஹெச்.264 எம்பி4 போதும். வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி எண்கள் படிக்க முடியாமல் போகும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

#15 நொடிக்கணக்கு

61 நொடி 10 ஃப்ரேம் என்றால் 35 ஃப்ரேம் வெட்ட வேண்டும். 14 ஷாட்டிலும் இரண்டு மூன்று ஃப்ரேமாகச் சுரண்டாதீர்கள், எல்லா நிறுத்தமும் கெட்டுவிடும். ஒரே ஷாட்டில் எடுங்கள். தொடக்கத்தில் வீட்டைக் காட்டும் ஷாட் இருக்கும், பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்ற கணக்கில் இந்த 35 ஃப்ரேமே சுமார் 18 வரைபடம். அனிமேட்டர் வரைந்து வண்ணம் தீட்டியபின் வெட்டினால் அவ்வளவும் குப்பைக்குப் போகும், இப்போது வெட்டினால் ஒரு கிளிக்.

அதன்பின் படத்தைப் பற்றி எதுவும் தெரியாத இருவருக்குக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். "எவ்வளவு தண்ணீர்?", "பொட்டலத்தில் எவ்வளவு போட வேண்டும்?", "கலக்கியதை எத்தனை நேரம் வைத்திருக்கலாம்?" என்று மூன்று கேள்வி. மூன்றாவதற்குத்தான் பதில் தடுமாறும், ஏனென்றால் 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும் என்ற வரி கடைசியில் லோகோவோடு மோதும். அந்த வரி முடிந்து 20 ஃப்ரேம் கழித்து லோகோ வரட்டும்.

பூட்டியபின் ஷாட் எண், தொடக்க டைம்கோடு, நீளம் ஃப்ரேமில், குரல் வரி, பின்னணி எண் என்று ஒரு அட்டவணை எடுத்து அனிமேட்டருக்குக் கொடுங்கள். ஷாட்டின் இரு பக்கமும் 4 ஃப்ரேம் ஹேண்டில் (வெட்டுக்கு அப்பால் விடும் உபரி) போதும், அதையும் நிறுத்த நிலையிலேயே வைக்கச் சொல்லுங்கள். இறுதிக் குரல் பதிவு முடிந்து வந்ததும் ஸ்க்ராட்சை எடுத்துவிட்டு வரிக்கு வரி பொருத்துங்கள். தொழில்முறைக் குரல் கொஞ்சம் நிதானமாக வரும், வரிக்கு 5 முதல் 8 ஃப்ரேம் நீளலாம். வரிகளுக்கு நடுவே விட்ட இடைவெளி இதைத் தாங்கும், பொட்டலத்தைக் கொட்டும் ஷாட்டை மட்டும் திரும்ப ஒரு முறை பாருங்கள்.